முதல் மாடிக்குத் தகுதியில்லாதவர்

கிரேன்காரருக்கு உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நோயும் இல்லை. அவருடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் தரையில் இருந்ததைவிட மேலே இருந்ததுதான் அதிகம். இரும்பு ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், கீழே நிற்பவன் கையசைப்பதைப் பார்த்துப் பெட்டிகளைத் தூக்கி இறக்குவதே வேலை. கூண்டுக்குள் பேச்சுத் துணை கிடையாது. வீட்டிலும் அவர் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசினாள். அவள் வாசலறையில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் தெருக்கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவார்கள். மகளுடைய ஆசிரியையிடம் மல்லுக்கு நிற்பது, குழாய் ரிப்பேருக்கு வருகிறேன் என்று சொல்லி வராதவனைப் பிடித்துவருவது எல்லாம் அவள் பொறுப்பு. அவர் பின்னால் நின்று தலையாட்டுவார்.

பக்கவாதம் அவளுடைய அந்தப் பேச்சைத்தான் கொண்டுபோனது. கூடவே வலது கையையும் வலது காலையும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவளிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "அப்புறம்." பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம். கோபம் வந்தால் அதே சொல் கொஞ்சம் சத்தமாக வரும். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்தார். துறைமுகத்தில் டன் கணக்கில் தூக்கியவருக்குக் குளியலறைத் தரையிலிருந்து மனைவியைத் தூக்கத் தெரியவில்லை. ஒரு தடவை இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிவிட்டார். பிறகு அவள் முதுகில் புண் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மகள் வந்து பார்த்துவிட்டு, "இனிமே முடியாதுப்பா. நீங்களும் படுத்துட்டா நான் யாரைப் பாக்கறது?" என்றாள்.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரில் யாராவது அவசரமாகப் பேசினால்கூட அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் அங்கே இருப்பது போல. அவள்தான் விசாரித்து அந்தப் பராமரிப்பு இல்லத்தைக் கண்டுபிடித்தாள். மூன்று தளக் கட்டடம். பொறுப்பாளர் அம்மா சாந்தமாகப் பேசுகிறவர். அவர்களை உட்காரவைத்து விளக்கினார்.

"கீழ்த்தளம் ஓரளவு தானா இருக்கக்கூடியவங்களுக்கு. குளிக்க, மாத்திரை சாப்பிட உதவி செய்வோம், மத்தபடி அவங்க இஷ்டம். முதல் மாடி நர்சிங். புண்ணுக்கு மருந்து வெக்கணும், குழாயில சாப்பாடு குடுக்கணும்னா அங்கதான். ரெண்டாவது மாடி ஞாபகம் தப்பினவங்களுக்கு. அங்க கதவு பூட்டித்தான் இருக்கும். கொஞ்ச நாள் மட்டும் தங்கணும்னா முதல் மாடியிலயே ரெண்டு ரூம் தனியா வெச்சிருக்கோம்."

"நாங்க ரெண்டு பேர்," என்றார் கிரேன்காரர்.

"தெரியுதுங்கய்யா. அம்மாவுக்கு முதல் மாடி. உங்களுக்கு வேணும்னா கீழ்த்தளத்துல தரேன்."

"ஒரே ரூம்ல போடுங்க."

"அது ஆகாதுங்கய்யா. முதல் மாடியில படுக்கை கம்மி. நல்லா இருக்கற உங்களுக்கு ஒண்ணு குடுத்துட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து இன்னொரு அம்மா வந்தா எங்க படுப்பாங்க?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. அந்த அம்மா அநியாயமாகப் பேசியிருந்தால் கத்திவிட்டாவது வந்திருக்கலாம்.

கீழ்த்தளத்தில் அவருக்குக் கிடைத்த அறையில் நல்ல வெளிச்சம். ஜன்னலைத் திறந்தால் துணி உலர்த்தும் முற்றம் தெரியும். அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மனைவி அதில் இல்லை என்பதைத் தவிர. அவளுடைய அறை நேர் மேலே இருந்தது. காலையில் மருந்து வண்டியின் சக்கரம் உருளும் சத்தமும், கட்டிலை நகர்த்தும் சத்தமும் கூரை வழியாகக் கேட்கும். போய்ப் பார்க்க மட்டும் முடியாது. காலை முழுவதும் குளிப்பாட்டல், புண் கட்டுதல், கைகால் பயிற்சி. பார்வையாளர்களுக்கு மாலையில்தான் அனுமதி. கீழே குடியிருப்பவரும் மேலே போனால் பார்வையாளர்தான்.

"நான் பாக்க வந்தவன் இல்லம்மா, புருஷன்," என்று லிஃப்ட் வாசலில் நின்ற நர்சிடம் சொன்னார்.

"எல்லா ரூம்லயும் யாராவது ஒருத்தரோட புருஷனோ பொண்டாட்டியோ இருக்காங்கப்பா. காலையில எல்லாரையும் விட்டா நாங்க எப்படி வேலை பாக்கறது? சாயந்தரம் வாங்க."

மாலையில் போவார். கட்டில் ஓரம் உட்கார்ந்ததும் அவள், "அப்புறம்?" என்பாள். முதலில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் சொல்லின் உண்மையான அர்த்தத்தையே வைத்துக்கொள்வோம், கதைதான் கேட்கிறாள் என்று ஒரு நாள் முடிவு செய்தார். காலையில் சூப்பில் உப்பில்லை என்று சொன்னார். அப்புறம்? பக்கத்து அறைக்காரர் தன் பல்செட்டை எங்கோ வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். அப்புறம்? கூண்டுக்குள் இருந்தபோது ஒரு கடற்பறவை தினமும் வந்து கண்ணாடியைக் கொத்தும், உன்னிடம் சொன்னதே இல்லை. அப்புறம்? வாழ்நாளில் பேசாததையெல்லாம் அவர் பேச வேண்டியதாயிற்று. பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில் மணி அடித்துக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் எதிர் அறைக்காரர் ஒருவருக்கு முழங்கால் விட்டுப்போய், உடல்நிலையைப் பரிசோதித்துப் பார்த்து முதல் மாடிக்கு மாற்றினார்கள். கிரேன்காரருக்கு வழி தெரிந்துவிட்டது. நன்றாக இருப்பதுதான் குற்றமென்றால், நன்றாக இல்லாமல் இருந்துவிட்டால் போயிற்று.

மறுநாளிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்றார். கரண்டியைக் கீழே போட்டார். மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாள். கொஞ்ச நாளில் மதிப்பீடு செய்யும் பெண் டாக்டர் ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

கிரேன்காரர் அதுவரை பெரிய பொய் எதுவும் சொல்லிப் பழகாதவர். அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இது என்ன மாதம் என்று கேட்டார் டாக்டர். வாய்க்கு வந்ததைச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? சாப்பிடவே இல்லை என்றார். மேஜைமேல் மகளின் படம் இருந்தது. இது யார்? ஒரு கணம் தயங்கினார். வந்தது வந்தாயிற்று, பாதியில் விடக்கூடாது என்று, "தெரியலையேம்மா. யாரு இந்தப் பொண்ணு?" என்றார். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்து டாக்டரின் தாள்கள் பறந்தன. கிரேன்காரர் சட்டென்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். குனிந்து தாள்களைப் பொறுக்கி அடுக்கி, மேலே கண்ணாடிக் குவளையையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டாக்டர் சிரித்து நன்றி சொன்னார்.

முடிவு சில நாளில் வந்தது. உடம்பு திடமாக இருக்கிறது. நினைவுதான் தப்புகிறது. இரண்டாவது மாடி.

மகள் அழுதுகொண்டே சம்மதம் கொடுத்தாள். தன் படத்தையே யாரென்று கேட்டார் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியோடு லிஃப்டில் நின்றபோதுதான் கிரேன்காரருக்கு விஷயம் முழுதாக உறைத்தது. லிஃப்ட் முதல் மாடியில் நிற்காமல் மேலே போனது.

"முதல் மாடின்னு நெனச்சேன்," என்றார்.

"இல்லப்பா, ரெண்டாவது. நல்லா இருக்கும், பாருங்க," என்றாள் கூட வந்த உதவியாளர் பெண்.

இரண்டாவது மாடியின் கதவில் எண் பூட்டு. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சும் பஸ் நிறுத்தப் பலகையும் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று தவிக்கிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடுவார்களாம். அதில் டீச்சரம்மா ஒருவர் எப்போதும் இருப்பார். கிரேன்காரரைப் பார்த்ததும், "ஏன் லேட்டு?" என்பார். முதல் நாள் அவர் பதில் சொல்லவில்லை. டீச்சரம்மா விடவில்லை. மூன்றாவது தடவை கேட்டதும், "பஸ் வரலீங்க டீச்சர்," என்றார். "சரி, உள்ள போய் உக்காரு," என்றார் அவர். அந்த மாடியில் கிரேன்காரர் சொன்னதை நம்பியவர் டீச்சரம்மா ஒருவர்தான்.

மற்றவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

"நான் நடிச்சேம்மா. எனக்கு ஞாபகமெல்லாம் சரியாத்தான் இருக்கு."

உதவியாளர் பெண் மறுக்கவில்லை. "சரிப்பா, நடிச்சீங்க. வாங்க, சாப்பாடு ஆறிடும்," என்று தோளில் கை வைத்து அழைத்துப்போனாள்.

அவள் மறுத்திருந்தால் வாதாடியிருப்பார். இப்படி ஒத்துக்கொள்கிறவர்களிடம் என்ன பேசுவது? எரிச்சலில் தட்டைத் தள்ளினால், கோபம் அதிகமாகிறது என்றார்கள். பூட்டில் எண்களை அழுத்திப் பார்த்தால், வெளியே போகத் துடிக்கிறார் என்றார்கள். ஒன்றும் வேண்டாம் என்று அறையில் சும்மா படுத்திருந்தால், ஒதுங்கிப்போகிறார், கவனிக்க வேண்டும் என்றார்கள். எதைச் செய்தாலும் அது நோய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் கொடுமை என்னவென்றால் அவர்கள் எல்லோருமே நல்லவர்கள். அதட்டிப் பேசியவர் ஒருவர்கூட இல்லை.

அதைவிட மோசம், மாலைச் சந்திப்பும் போயிற்று. இரண்டாவது மாடிக்காரர் கீழே போக வேண்டுமென்றால் கூட ஒருவர் வர வேண்டும். மாலையில் ஆள் பற்றாக்குறை. நாளைக்குப் போகலாம் என்பார்கள். முன்பு கூரை வழியாகவாவது அவள் இருப்பது கேட்டது. இப்போது அவள் காலுக்குக் கீழே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மெல்லப் பேசினாள், குழந்தையிடம் பேசுவது போல.

"அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

"ஏன் தெரியாம? பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுத்து நம்ம வீட்டு கேட்டை இடிச்சவ. இன்னைக்கு ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கற."

மகளின் முகம் மாறியது. "அப்ப அன்னைக்கு ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"உங்கம்மா மாடிக்குப் போகத்தான். இவங்க அதைத் தாண்டிக் கொண்டாந்துட்டாங்க."

மகளின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "ராத்திரியெல்லாம் தூங்காம அழுதேன், தெரியுமா உங்களுக்கு? என்னை யாருன்னு தெரியலைன்னு சொல்லிட்டாரேன்னு. அம்மா அங்க சாப்பிட மாட்டேங்கறா. வாயில குடுத்தாத் துப்பறா. நீங்க வரலைன்னுதான். ரெண்டு பேருமா சேந்து என்னைச் சாகடிங்க."

அவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

மகள் நேராகப் பொறுப்பாளர் அம்மாவிடம் போனாள். நோயாளி நடித்தார் என்பதை நம்பி உடனே மாற்றிவிட அவர்களால் முடியாது. அப்படிச் சொல்கிற குடும்பங்கள் நிறைய. மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். அந்த டாக்டர் முறை வைத்துத்தான் வருவார். காத்திருந்தார்கள். அதுவரை, மகள் வருகிற நாட்களில் மட்டும் அவளே கூட இருந்து அப்பாவை முதல் மாடிக்கு அழைத்துப்போகலாம் என்று விட்டார்கள். முதல் தடவை அவர் போனபோது மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "அப்புறம்," என்றாள். அது கதை கேட்கிற அப்புறம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நடந்ததையெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடந்த அவளிடம் சொன்னார். ஜன்னலைச் சாத்திய இடம் வந்ததும் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தார். சிரிப்புதான்.

டாக்டர் வந்தபோது கிரேன்காரர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். அன்று பறந்த தாள்களை எடுத்துக்கொடுத்ததையும் நினைவுபடுத்தினார். டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வருத்தம். பொறுப்பாளர் அம்மாவுக்குக் கோபம் மட்டும்தான்.

"அந்தப் படுக்கைக்கு ஒருத்தர் காத்திருந்தாங்கய்யா. நிஜமாவே வழி தெரியாம ரோட்டுல போயிடறவங்க. அவங்க வீட்டுல கதவைப் பூட்டிட்டுக் காவல் இருந்தாங்க. உங்களால."

அவர் தலை குனிந்தார். "தப்புதாம்மா. ஆனா வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

கீழ்த்தள அறையும் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். முதல் மாடியில் உள்ள குறுகிய காலத் தங்கல் அறைகளில் ஒன்று காலி. அதில் சில வாரங்கள் இருக்கலாம். முடிந்ததும் கிளம்ப வேண்டும். வேறு யாரும் கேட்கவில்லையென்றால் திரும்ப வரலாம்.

அப்படியாக அவர் மனைவி இருந்த மாடியிலேயே விருந்தாளியானார். தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள். அங்கேயே தங்குகிறவரை யாரும் காலையில் விரட்டவில்லை. புரையேறாமல் இருக்கக் கெட்டியாக்கிய பாலை அவளுக்குக் கரண்டியில் எப்படிக் கொடுப்பது, எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். நன்றாக இருந்தது. ஆனால் வேரூன்ற விடவில்லை. கெடு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டும். இடுப்பு உடைந்த ஒருவரோ, வெளியூர் போகிற பிள்ளைகள் கொண்டுவந்து விட்ட ஒருவரோ அந்த அறையில் இருப்பார்கள். காலியாகும்வரை மகள் வீட்டில் அவர் படுத்தின பாடு சொல்லி முடியாது. டிவி சத்தம் அதிகம் என்பார், குறைத்தால் கேட்கவில்லை என்பார். மருமகன் பாவம், தலையைக்கூட வெளியே போய்த்தான் வாரிக்கொள்வார்.

"அங்க இருந்தா விருந்தாளி, இங்க இருந்தாலும் விருந்தாளி," என்றார் ஒரு தடவை. மகளுக்கு அது சுருக்கென்றது. கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இந்தப் போக்குவரத்து ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. மழைக்காலத்தில், அவர் மகள் வீட்டில் இருந்தபோது, மனைவிக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கொன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் மாடியிலேயே மூலையில் ஓர் அறை உண்டு. அதைப் பற்றி அங்கே யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அங்கே சிகிச்சை. அவளை அங்கே மாற்றினார்கள். கிரேன்காரர் ஓடிவந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டில் போட்டிருந்தது.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்கய்யா," என்றார் பொறுப்பாளர் அம்மா. "இந்த ரூம்ல குடும்பத்துல ஒருத்தர் கூடவே இருக்கலாம். நேரம் காலம் கிடையாது."

அவர் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேசியபோது குரல் உயரவில்லை.

"ரெண்டு கட்டில் போட இடம் இருக்கு. அனுமதியும் இருக்கு. அவ சாகப்போறாங்கறப்பதான் இதெல்லாம் வருமாம்மா? கண்ணு தெறந்து என்னைப் பாத்துக்கிட்டிருந்தாளே, அப்ப எங்க போச்சு இந்தக் கட்டிலு?"

பொறுப்பாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். படுக்கைக் கணக்கு, விதி, ஆள் பற்றாக்குறை, எதையாவது. தலையணையைச் சரியாக வைத்துவிட்டு வெளியே போனார்.

அவள் அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான் இருந்தாள். அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. யாரும் கேட்காமலே அவர் பேசிக்கொண்டிருந்தார். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைப்பார், பேசுவார், சின்னக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசுவார். ஒரு முற்பகல், உதவியாளர் பெண் போர்வை மாற்ற வந்தபோது, மனைவியின் மூச்சு நின்றிருந்தது. அவர் கை அவள் கைமேல் இருந்தது. அவர் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார் என்று அந்தப் பெண் மகளிடம் சொல்லி அழுதாள்.

கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாகிறது, விருப்பமிருந்தால் வரலாம் என்று சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். மகள் வீட்டின் பின்னறைக்கே நிரந்தரமாக வந்தார். துக்கம் ஆறியவர் போலத் தெரியவில்லை. கோபம் ஆறவே இல்லை. இல்லத்தில் குடும்பத்தாருக்காக மாதம் ஒரு கூட்டம் நடக்கும். மனைவி போன பிறகும் அதற்குப் போக ஆரம்பித்தார். உங்களுக்கு இங்கே இப்போது யாரும் இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, "இருந்தாங்க, அது போதும்," என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அதே விஷயம்தான். புருஷன் பொண்டாட்டியை ஏன் மாடி மாடியாகப் பிரிக்கிறீர்கள்? கேட்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது. சிலர் அவர் எழுந்ததும் கைபேசியைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் பொறுப்பாளர் அம்மாவே போன் செய்தார். கீழ்த்தளத்தில் இருக்கிற கணவனோ மனைவியோ இனி காலையிலும் முதல் மாடிக்குப் போகலாம் என்று நிர்வாகத்தில் ஒத்துக்கொண்டார்களாம்.

"ராத்திரி?" என்றார் கிரேன்காரர்.

"ராத்திரி தங்கறதுக்கு இன்னும் ஒத்துக்கலீங்கய்யா."

"சரி," என்று போனை வைத்தார்.

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, நல்ல சேதியா?"

"பாதி."

"பாதியாவது கிடைச்சுதே. சந்தோஷப்பட மாட்டீங்களா?"

"எனக்கு எதுக்கு அது இப்ப?" என்றார். சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, "அடுத்த கூட்டம் என்னைக்குன்னு கேக்க மறந்துட்டேன். போன் போட்டுக் கேளு," என்றார்.